பள்ளி நூலகத்தில் ஒரு கேள்வியைத் தேடிச் செல்வது எப்படி?

உயர்நிலை வகுப்புகளுக்கு வந்த பிறகு ஆசிரியர்கள் தரும் வேலைகளின் தன்மை மாறிவிடுகிறது. பாடநூலின் இன்ன பக்கத்தில் விடை இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத கேள்விகள் வரத் தொடங்குகின்றன. செயல்திட்டம் என்றோ ஆய்வுக் கட்டுரை என்றோ பெயரிட்டு ஒரு தலைப்பைக் கொடுத்து, ‘நூலகத்தில் பார்த்து எழுதி வாருங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். எதை, எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நூலகத்தில் உள்ள ஒவ்வொரு கருவியும், அதாவது அலமாரியில் ஒட்டியிருக்கும் எண், நூற்பட்டியல், கலைக்களஞ்சியம், ஒரு நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள அடைவு ஆகிய ஒவ்வொன்றும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கைகாட்டியாகவே அமைந்திருக்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் நூலகத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது. இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழியில் போய்ப் பார்க்கிறது.

அலமாரிகளிடம் போவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆசிரியர் கொடுத்தது தலைப்பு; அதை நாம்தான் கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். ‘மலேரியா’ என்பது தலைப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் நோயின் அறிகுறி, மருந்து, கொசு ஒழிப்பு, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி என்று எல்லாம் வந்து குவியும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல், கண்ணில் பட்டதை எல்லாம் படியெடுத்துச் சேர்த்த கட்டுரைதான் மிஞ்சும். ‘மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை யார், எப்படிக் கண்டறிந்தார்கள்?’ என்பது கேள்வி. இதைக் கையில் வைத்திருப்பவருக்கு, ஒரு பக்கத்தைப் புரட்டியதுமே அது தமக்குத் தேவையா இல்லையா என்பது தெரிந்துவிடும். முதலில் எழுதிக்கொள்ளும் கேள்வி கடைசி வரை அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை; படிக்கப் படிக்க அது மாறும், மாற வேண்டும். ஆனால் கேள்வியே இல்லாமல் தொடங்குவது வீண் வேலை.

அலமாரிகளும் எண்களும்

உலகெங்கும் பள்ளி நூலகங்களிலும் பொது நூலகங்களிலும் மிகுதியாகப் பயன்படும் வகைப்பாட்டு முறை, அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாடு. அறிவுத்துறைகள் அனைத்தையும் அது பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரிக்கிறது. 000 என்பது பொது நூல்களுக்கும் கணினியியலுக்கும் உரியது. 100 தத்துவமும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 மருத்துவம், பொறியியல் முதலிய பயன்பாட்டு அறிவியல், 700 கலைகளும் விளையாட்டும், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். ஒவ்வொரு வகுப்பும் மீண்டும் பத்தாகவும், அதில் ஒவ்வொன்றும் மீண்டும் பத்தாகவும் பிரிகிறது. அதற்கு மேலும் நுணுக்கம் வேண்டுமானால் மூன்று இலக்கங்களுக்குப் பின் புள்ளி வைத்து எண்ணை நீட்டிக்கொண்டே போகலாம். நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில் இந்த எண்ணும், அதன் கீழே பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளும் இருக்கும். இரண்டும் சேர்ந்ததே அந்த நூல் அலமாரியில் நிற்க வேண்டிய இடத்தின் முகவரி.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 614.532, 614.6 என்ற இரண்டு எண்களில் எது முதலில் வரும் என்று கேட்டால், ஐந்நூற்று முப்பத்திரண்டு ஆறைவிடப் பெரியது என்று எண்ணி 614.6 என்பார்கள். புள்ளிக்குப் பின் வருவது தசமம் என்பதால் இலக்கம் இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும். 5 என்பது 6-க்கு முந்தையது, ஆகவே 614.532 முன்னால் நிற்கும். கணக்குப் பாடத்தில் இதைச் சரியாகச் செய்பவர்களே அலமாரியின் முன் நிற்கும்போது மறந்துவிடுகிறார்கள். இந்த ஒரு காரணத்தால், இருக்கும் நூலையே ‘இல்லை’ என்று முடிவு செய்து திரும்பிவிடுவதும் உண்டு.

நம் கேள்விக்கான நூல்கள் இந்த ஒழுங்கில் எங்கே இருக்கும்? ஓர் அலமாரியில் இருக்காது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. மலேரியாவை நோயாகவும் சிகிச்சைக்குரியதாகவும் பார்க்கும் மருத்துவ நூல்கள் 616.9362 என்ற எண்ணில் வரும். பொதுச் சுகாதாரச் சிக்கலாகப் பார்க்கும் நூல்கள் 614.532-இல் வரும், கொசுவைப் பூச்சியாக ஆராயும் நூல்கள் அறிவியல் வகுப்பில், 595.77 என்ற பகுதியில் நிற்கும். மருத்துவத்தின் வரலாறு 610.9-இல் இருக்கும், கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைச் சில நூலகங்கள் 920-இல் தனியாகத் திரட்டி வைத்திருக்கும். டூயி முறை நூல்களைப் பொருளின் பெயரால் பிரிப்பதில்லை. அந்தப் பொருளை எந்தத் துறையின் கண்கொண்டு பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டு பிரிக்கிறது. எனவே, அலமாரிக்கு நேராகப் போய்க் கண்ணால் துழாவுபவருக்கு ஒரு பகுதிதான் அகப்படும். சிறிய பள்ளி நூலகங்களில் எண்களை மூன்று இலக்கங்களோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அங்கே 614 என்ற பகுதி முழுவதையும் பார்த்துவிட வேண்டியதுதான்.

இந்த முறை குறையற்றது என்று நினைத்துவிட வேண்டாம். சமயத்துக்கு ஒதுக்கிய 200-இல் 220 முதல் 280 வரையிலான எண்கள் கிறித்தவத்துக்கே போய்விட, உலகின் மற்றச் சமயங்கள் எல்லாம் 290-க்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இலக்கியத்திலும் அப்படித்தான். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று பத்து எண்கள் கொண்ட தனிப் பகுதி கிடைத்திருக்க, தமிழ் இலக்கியம் 894.811 என்ற நீண்ட எண்ணைச் சுமக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நூலகத்தை மனத்தில் கொண்டு வகுத்த முறை என்பதால் வந்த சாய்வு இது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன், ஒரே நூலில் பல கூறுகள் கலந்திருப்பதை எண்ணில் காட்டும் வகையில் கோலன் வகைப்பாடு என்ற வேறொரு முறையை உருவாக்கி 1933-இல் வெளியிட்டார். பள்ளி மாணவர்கள் அதைக் கற்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஆனால் 1931-இல் அவர் வகுத்தளித்த ஐந்து நூலக விதிகளில் ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்ற நான்காவது விதி, இந்த எண்களும் பட்டியல்களும் எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறது.

பட்டியலில் தேடுவது

ஒரே பொருள் பல அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது என்றால் அவற்றை ஒருங்கே காட்டுவதற்கு ஒன்று வேண்டும். அதுதான் நூற்பட்டியல். முன்பு சிறிய இழுப்பறைகளில் அட்டைகளாக இருந்தது. இப்போது பெரும்பாலும் கணினியில் இருக்கிறது. சில பள்ளிகளில் பதிவேடாகவே தொடர்கிறது. எந்த வடிவில் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பொருள் ஆகிய மூன்றில் எதைக் கொண்டும் தேடலாம். குறிப்பிட்ட நூலொன்று தேவை என்றால் முதல் இரண்டும் உதவும். கேள்வியை மட்டும் வைத்திருப்பவர் பொருள் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

கணினிப் பட்டியலில் தமிழில் தேடும்போது சில தனிச் சிக்கல்கள் வரும்; இவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. முதலாவது, தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபுகளோடு ஒட்டிக்கொள்ளும். ‘கொசுக்களால் பரவும் நோய்கள்’ என்று முழுத் தொடரையும் தட்டச்சு செய்தால், ‘கொசுவும் நோயும்’ என்று பெயர் கொண்ட நூல் அகப்படாமல் போகும். ‘கொசு’ என்ற அடிச்சொல்லை மட்டும் இட்டால் இரண்டும் வரும். இரண்டாவது, பிறமொழிப் பெயர்களைத் தமிழில் பலர் பலவாறு எழுதுகிறார்கள். ராஸ், ரோஸ், றொஸ் ஆகிய மூன்றும், மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவரையே குறிக்கலாம்; மூன்றையும் இட்டுப் பார்க்க வேண்டும், ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தேட வேண்டும். மூன்றாவது, ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருக்கும். மலேரியா என்று இன்று நாம் சொல்வதைப் பழைய நூல்கள் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் குறிப்பிட்டிருக்கக்கூடும். ஆகவே, தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கைந்து மாற்றுச் சொற்களை எழுதிக்கொள்வது பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆசிரியர் பெயரால் தேடும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலைநாட்டுப் பெயர்களைப் பட்டியலில் குடும்பப் பெயரை முன்னிறுத்தி ‘ராஸ், ரொனால்ட்’ என்று பதிவார்கள். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்தைப் பின்னுக்குத் தள்ளி இயற்பெயரை முன்னால் வைப்பார்கள். முன்னெழுத்தின் கீழ்த் தேடினால் ஏமாற்றம்தான்.

பட்டியலில் ஒரு நல்ல நூல் கிடைத்ததும் அதன் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு ஓடிவிட வேண்டாம். அந்தப் பதிவின் அடியில் நூலகர் இட்டிருக்கும் பொருள் தலைப்புகளையும் பாருங்கள். ‘தொற்றுநோய்கள் – வரலாறு’ என்று ஒன்று இருந்தால், அந்தத் தலைப்பைக் கொண்டே மீண்டும் தேடலாம். நமக்குத் தோன்றியே இருக்காத நூல்கள் அதன் கீழ் வரும்.

பார்வை நூல்கள் எதற்கு?

‘இரவல் தரப்படாது’ என்ற அறிவிப்போடு தனியே நிற்கும் பகுதி பார்வை நூல்களுடையது. அகராதி, கலைக்களஞ்சியம், நிலப்படத் தொகுப்பு, ஆண்டு நூல், வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் ஆகியவை இங்கே இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதற்காக இவை எழுதப்படவில்லை. எடுத்து, ஒரு பதிவைப் பார்த்து, திருப்பி வைத்துவிடலாம். அதனால்தான் இரவல் கொடுப்பதில்லை. அகர வரிசையில் தேடும்போது, ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பெரும்பாலான தமிழ் அகராதிகள் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னால், கடைசியில் வைத்திருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வைத் தொடங்குவதற்குக் கலைக்களஞ்சியம் மிகப் பொருத்தமான இடம். முடிப்பதற்குப் பொருத்தமற்ற இடம். நம் கேள்விக்கு அது ஏறத்தாழ இப்படி விடை சொல்லும்: 1880-இல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவரான் அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார்; 1897-இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார்; அதற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த மூன்று வரிகளிலிருந்து கிடைப்பவை ஆண்டுகள், பெயர்கள், ஊர்கள். அவைதான் அடுத்த தேடலுக்கான சொற்கள். கூடவே, பதிவின் கீழ் ‘மேலும் படிக்க’ என்று சில நூல்களும் தரப்பட்டிருக்கலாம்.

கலைக்களஞ்சியத்தைத் திறக்கும்போதே அது எப்போது அச்சானது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் தமிழில் ஒரு பெருஞ்சாதனை; அதிலுள்ள வரலாற்று, இலக்கியக் கட்டுரைகள் இன்றும் பயன்படும். ஆனால் மலேரியாவுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றைக் குழந்தைகளுக்குப் பரவலாகப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாகப் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில்தான். அதற்கு முன் அச்சான எந்த நூலிலும் அது இருக்க வழியில்லை. பழையது என்பதால் ஒரு நூல் தவறாகிவிடாது; எந்தக் கேள்விக்குப் பழையது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நூலின் தொடக்கத்தில், பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தில், ஒரு நுட்பமான வேறுபாடும் இருக்கும். ‘மறு அச்சு 2019’ என்றால் பழைய உரையையே மீண்டும் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ‘திருத்திய பதிப்பு 2019’ என்றால்தான் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. அட்டையின் பளபளப்பைப் பார்த்துப் புதிய நூல் என்று எண்ணிவிடக் கூடாது.

நூலைத் திறந்த பிறகு

முந்நூறு பக்க நூலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது கதைக்குச் சரி, ஆய்வுக்குச் சரியல்ல. முதலில் பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும். பிறகு நூலின் இறுதியிலுள்ள அடைவுக்குப் போக வேண்டும். பொருளடக்கம் நூலாசிரியர் வகுத்த பாதையைக் காட்டுகிறது. அடைவு நமக்கு வேண்டிய சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று காட்டுகிறது. ‘ராஸ், ரொனால்ட்: 41, 88–97, 203’ என்று அடைவில் இருந்தால், 88 முதல் 97 வரையுள்ள பத்துப் பக்கங்களில்தான் அவரைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள் என்பது அந்த எண்களைப் பார்த்த உடனேயே தெரிகிறது. தமிழ் நூல்கள் பலவற்றில் அடைவு இல்லாமல் போவது பெருங்குறை. அத்தகைய நூல்களில் அத்தியாயத் தலைப்புகளையும் பத்திகளின் முதல் வரிகளையும் வேகமாகப் பார்த்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை.

இறுதிப் பகுதியில் துணைநூற்பட்டியல் இருக்கும். பக்கங்களின் அடியிலோ அத்தியாயத்தின் முடிவிலோ குறிப்புகள் இருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதிகள் இவைதான், ஆனால் ஆய்வு நோக்கில் நூலின் மிக விலையுயர்ந்த பக்கங்களும் இவையே. நூலாசிரியர் பல ஆண்டுகள் தேடிக் கண்ட நூல்களை இரண்டு பக்கங்களில் தொகுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். இரண்டு மூன்று நூல்களின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும். அந்தத் துறையில் தவிர்க்கக் கூடாத நூல்கள் அவை என்று அறிந்துகொள்ளலாம்.

இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போதுதான் நம் கேள்வியின் உண்மையான உருவம் தெரியவரும். ஒரு நூல், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்தவர் ராஸ் என்று முடித்துவிடும். இன்னொன்று இத்தாலிய விலங்கியலாளர் ஜொவானி பத்திஸ்தா கிராசியின் பெயரைச் சொல்லும். யார் சொல்வது சரி? விவரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டும் எங்கே நிற்கின்றன என்பது புலப்படும். கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்ற கருத்தை 1894-இல் முன்வைத்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் மேன்சன். அவர் தூண்டுதலால் ஆராயத் தொடங்கிய ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் ஒரு நிலையைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், கொசு வழியாக மலேரியா ஒரு பறவையிலிருந்து இன்னொரு பறவைக்குப் பரவுவதை முழுமையாகக் காட்டினார். அதே 1898-இல், மனிதர்களிடையே மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு என்பதைக் கிராசியும் உடன் ஆய்வாளர்களும் இத்தாலியில் நிறுவினார்கள். யாருக்கு முதலிடம் என்ற பூசல் ராசுக்கும் கிராசிக்கும் இடையே நெடுங்காலம் நீடித்தது. ‘யார் கண்டறிந்தார்’ என்று தொடங்கிய கேள்வி, ‘கண்டறிதல் என்று எதைச் சொல்வது’ என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. இரண்டு நூல்கள் முரண்படும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிற மாணவருக்கு இது கிடைக்காது; முரண்பாட்டைக் கட்டுரையிலேயே எழுதிக் காட்டுபவருக்குத்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் சான்றுகளின் நிலைகளைப் பற்றிச் சொல்வது பொருத்தம். நிகழ்ந்த காலத்தில் அதில் பங்குபெற்றவரே விட்டுச்சென்றது முதன்மைச் சான்று: ராஸ் எழுதிய ஆய்வுக் குறிப்புகள், 1902-இல் அவர் ஆற்றிய நோபல் உரை, அக்காலச் செய்தித்தாள்கள் போன்றவை. பின்னாளில் ஒருவர் அவற்றை ஆராய்ந்து எழுதிய வரலாற்று நூல் இரண்டாம் நிலைச் சான்று. இரண்டாம் நிலை நூல்களைச் சுருக்கித் தருவது கலைக்களஞ்சியம். முதன்மைச் சான்று என்பதால் அதில் உள்ளதெல்லாம் நடுநிலையானது என்று கொள்ளக் கூடாது. பரிசு பெறும் மேடையில் ராஸ் கிராசிக்கு எவ்வளவு இடம் கொடுத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்த உரை இலவசமாகவே கிடைக்கிறது. படித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

இதழ்களும் இணையமும்

அச்சு நூல் ஒன்று எழுதப்பட்டு, அச்சாகி, நூலகத்துக்கு வந்து சேர ஓராண்டுக்கு மேலாகலாம். அண்மைச் செய்திகளுக்குப் பருவ இதழ்களையும் நாளிதழ்களையும்தான் நாட வேண்டும். ஆய்வாளர்கள் தம் முடிவுகளை முதலில் வெளியிடுவது ஆய்விதழ்களில். அங்கே வரும் கட்டுரையை வெளியிடுவதற்கு முன் அதே துறையைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்கள் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டுகிறார்கள். தவறே நேராது என்பதற்கு இது உறுதியல்ல, ஆனால் ஒரு தடை தாண்டி வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பள்ளி மாணவர்களுக்கு ஆய்விதழ்க் கட்டுரையின் உடற்பகுதி கடினமாகத்தான் இருக்கும். தொடக்கத்திலுள்ள ஆய்வுச் சுருக்கத்தையும் இறுதியிலுள்ள முடிவுரையையும் படித்தாலே பெரும்பாலும் போதும். பல கட்டுரைகள் கட்டணம் கேட்கும். கட்டணமின்றித் திறந்த அணுக்கத்தில் கிடைப்பவையும் நிறைய உண்டு. புள்ளிவிவரம் தேவைப்பட்டால், யாரோ எடுத்தாண்டதை மீண்டும் எடுத்தாளாமல் மூலத்துக்கே போவது முறை: மலேரியாவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் உலக மலேரியா அறிக்கைதான் அந்த மூலம்.

இணையத்தில் தேடுவது எளிது என்பதால் அதை முதலில் செய்கிறோம், செய்யலாம். விக்கிப்பீடியாவைப் படிக்கக் கூடாது என்று சில ஆசிரியர்கள் தடை விதிப்பது எனக்கு உடன்பாடில்லை. 2001-இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தைக் கலைக்களஞ்சியத்தைப் போலவே நடத்தலாம்: படித்துப் பொதுவான சித்திரத்தைப் பெற்றுக்கொண்டு, அடிக்குறிப்புகளில் காட்டியிருக்கும் சான்றுகளுக்குப் போய், மேற்கோள் காட்டும்போது அந்தச் சான்றுகளைக் காட்ட வேண்டும். அடிக்குறிப்பே இல்லாத பத்தியை நம்பி எதையும் எழுத வேண்டாம். தேடுபொறியில் ஒரு தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அதே தொடர் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டால் அது உள்ள பக்கங்கள் விலகும். பழைய தமிழ் நூல்களுக்கு, 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டி வைத்திருக்கும் நூலகம் தளமும் பெரும் புதையல்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பதிப்பகமும் சேர்த்து நம்பும்படி எழுதித் தரும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. சரிபார்க்க வழி மிக எளிது: உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களின் இருப்பை ஒருங்கே காட்டும் வேர்ல்ட்கேட் பட்டியலில் அந்த நூலின் பெயரைத் தேடிப் பாருங்கள். 2007 முதல் பதின்மூன்று இலக்கமாக இருக்கும் பன்னாட்டுத் தர நூல் எண்ணைக் கொண்டும் தேடலாம். எந்தப் பட்டியலிலும் அகப்படாத நூலைக் கட்டுரையில் சேர்க்கக் கூடாது.

நூலகரிடம் கேட்பது

இவ்வளவும் செய்து பார்த்துவிட்டுத்தான் நூலகரிடம் போக வேண்டும் என்பதில்லை. தயங்கித் தயங்கிப் போய், ‘ஐயா, மலேரியா பற்றிப் புத்தகம் இருக்கிறதா?’ என்று கேட்டால் அவர் ஒரு அலமாரியைக் காட்டுவார், அவ்வளவுதான். ‘ஐயா, மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த வரலாறு வேண்டும். கலைக்களஞ்சியத்தில் ராஸ் பெயர் கிடைத்தது. இத்தாலியில் நடந்த ஆய்வு பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று கேட்டுப் பாருங்கள். என்ன வேண்டும், எதுவரை பார்த்தாயிற்று, எது கிடைக்கவில்லை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நூலகர் அதன் பிறகு கேட்கும் கேள்விகளே தேடலைக் கூர்மையாக்கும். நூல் அங்கே இல்லையென்றால் வேறு எந்த நூலகத்தில் கிடைக்கும், வரவழைக்க முடியுமா என்பதையும் அவரே சொல்வார்.

குறிப்பெடுப்பது

ஒரு நூலைத் திறந்ததும், ஒரு சொல்லைக்கூடப் படிப்பதற்கு முன், ஆசிரியர், நூலின் பெயர், பதிப்பகம், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றைத் தாளின் தலையில் எழுதிவிட வேண்டும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் பக்க எண் இருக்க வேண்டும். கட்டுரையை ஒப்படைக்கும் முந்தைய இரவில், எங்கோ படித்த ஒரு வரியின் பக்க எண்ணைத் தேடி அலைபவர்கள் எல்லாம் இதைச் செய்யாதவர்கள்தான். இணையப் பக்கமாக இருந்தால் முகவரியோடு பார்த்த நாளையும் எழுத வேண்டும். பக்கங்கள் மாறும், மறையும்.

குறிப்பெடுக்கும்போது நூலாசிரியரின் சொற்களும் நம் சொற்களும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். உள்ளபடியே எடுத்த வரிகளை அப்போதே மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். மற்றவற்றுக்கு, ஒரு பத்தியைப் படித்து, நூலை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதுவது நல்ல வழி. எழுத வரவில்லை என்றால் பத்தி இன்னும் புரியவில்லை என்று பொருள், மீண்டும் திறந்து படிக்க வேண்டும். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று சொற்களை மட்டும் மாற்றி எழுதுவதும் எழுத்துத் திருட்டுதான், சான்றைக் குறிப்பிட்டிருந்தாலும். கருத்து இன்னாருடையது என்று காட்டுவது ஒரு கடமை, சொற்கள் இன்னாருடையவை என்று காட்டுவது வேறொரு கடமை. மேற்கோள் குறிப்புகளை எழுதுவதற்குப் பல பாணிகள் உண்டு. பள்ளியில் எது வழக்கமோ அதைப் பின்பற்றலாம், ஒரே கட்டுரையில் இரண்டைக் கலக்காமல் இருந்தால் போதும்.

வேலை முடிந்ததும் எடுத்த நூல்களை நீங்களே அலமாரியில் செருகிவிட வேண்டாம். உதவி செய்வதாக எண்ணிச் செய்தாலும், 614.532-இல் நிற்க வேண்டிய நூல் 641-க்குள், சமையல் நூல்களுக்கிடையே போய்விட்டால், பட்டியல் ‘இருக்கிறது’ என்று சொல்லும். தேடி வருபவருக்கு அடுத்த இருப்பு சரிபார்ப்பு வரைக்கும் கிடைக்காது. மேசை மீதோ அதற்கென வைத்திருக்கும் தள்ளுவண்டியிலோ விட்டுச் செல்லலாம். எந்தெந்த நூல்கள் எடுத்துப் பார்க்கப்பட்டன என்பதை அங்கே கிடப்பவற்றைக் கொண்டு கணக்கெடுத்து, அடுத்த ஆண்டு எந்தப் பகுதிக்குப் புதிய நூல்கள் வாங்குவது என்று முடிவு செய்யும் நூலகங்களும் இருக்கின்றன.